ராயல் கிரசென்ட்: முகப்பும் முதுகும்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் இங்கிலாந்தின் பாத் நகரில் ராயல் கிரசென்ட் வரிசை வீடுகளைப் பார்த்தேன். முன்னாலிருந்து பார்த்தால் பிறை வடிவில் ஒரே அரண்மனை. பின்பக்கம் போனால் ஆளுக்கொரு உயரம், ஆளுக்கொரு சன்னல். மனசு விட்டுப்போயிற்று. வெறும் பகட்டு முகப்புதானா இது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

பின்பக்கமும் போய்ப் பார்த்ததற்கு முதலில் என் நன்றி. பலரும் புல்வெளியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

1767 முதல் 1774 வரை நடந்த வேலை அது. கட்டடக் கலைஞர் இளைய ஜான் வுட் 30 வீடுகளுக்கும் சேர்த்து ஒரே முகப்பை வரைந்தார். வாங்க வந்தவர்கள் அந்த முகப்பில் தங்களுக்கு வேண்டிய நீளத்தை எடுத்துக்கொண்டு, பின்னால் தங்கள் ஆளை வைத்து இஷ்டப்படி கட்டிக்கொண்டார்கள். நீங்கள் பார்த்த மேடுபள்ளம் அப்படி வந்ததுதான். எனக்கு அது குறையாகப் படவில்லை. தெருவைப் பார்க்கும் பக்கத்தை எல்லோரும் பொதுவில் விட்டுக்கொடுத்து, உள்ளே அவரவர் வசதிக்கு வாழ்ந்திருக்கிறார்கள். பணக்காரர்களை அப்படி விட்டுக்கொடுக்க வைப்பது லேசான காரியமா?

சரி, பகட்டு எங்கே என்று கேட்டால், அதைத் தூண்களில் பாருங்கள். தரைத்தளம் வெறும் கல்சுவர். அதற்கு மேலேதான் அயோனிக் தூண்கள், அதாவது உச்சியில் சுருள் வைத்த கிரேக்கப் பாணித் தூண்கள், கிளம்பி இரண்டு மாடிகளைத் தாண்டிப் போகின்றன. விருந்தினரை உட்காரவைக்கும் கூடம் அந்தக் காலத்து வீடுகளில் முதல் மாடியில் இருக்கும். படுக்கையறைகள் அதற்கு மேலே. வேலைக்காரர்கள் படுப்பது கூரைக்கு அடியில், கைப்பிடிச் சுவருக்குப் பின்னால். வேலை செய்வதோ தரைக்குக் கீழே. நடைபாதைக்கும் வீட்டுக்கும் நடுவில் கம்பிவேலி போட்ட பள்ளம் இருக்கிறதே, கீழ்த்தளத்துக்கு வெளிச்சமும் காற்றும் அந்த வழியாகத்தான். நடைபாதைக்கு அடியில் நிலவறைகள், கரி கொட்டி வைக்க. அங்கிருந்து ஒவ்வொரு அறையின் கணப்புக்கும் வாளி வாளியாகக் கரியைப் படியேறிச் சுமந்தவர்கள் அந்த வேலைக்காரப் பெண்கள். முகப்பின் அழகைச் சொல்லும்போது அவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்புறம், பொது முகப்பு என்றால் சண்டையும் வரும். 1970களில் 22ஆம் எண் வீட்டு அம்மையார் கதவுக்கு மஞ்சள் அடித்தார். வெள்ளைதான் வேண்டும் என்றது நகர நிர்வாகம். விவகாரம் அமைச்சர் வரை போய், மஞ்சளே இருக்கட்டும் என்று முடிந்தது. எனக்கு அதில் வருத்தமே இல்லை, சாயத்தை என்றைக்கும் மாற்றலாம். என்னை உறுத்துவது விக்டோரியா காலத்தில் பல வீடுகளில் முதல் மாடி சன்னல்களின் அடிமட்டத்தைக் கீழே வெட்டி இறக்கியது. அடுத்தடுத்த வீடுகளின் சன்னல்களை ஒப்பிட்டால் கோடு உடைவது தெரியும்.

1ஆம் எண் வீடு இப்போது அருங்காட்சியகம். அங்கே அந்தச் சன்னல்களைப் பழைய மட்டத்துக்கே திருப்பிவிட்டார்கள். அடுத்த முறை அங்கே தொடங்கிப் பாருங்கள்.