சம்பந்தி விருந்துக்குச் சால்மன்: சூட்டைக் குறையுங்கள், சீக்கிரம் எடுங்கள்

பினாங்கு, ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "மகளுக்கு நிச்சயமாகியிருக்கிறது. அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை இரவு சம்பந்தி வீட்டார் முதன்முறையாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். எங்களோடு சேர்த்து எட்டுப் பேர். ஓவனில் சுட்ட சால்மன் வைக்கலாம் என்கிறாள் மகள். இரண்டு முறை செய்து பார்த்தேன். மீன்மேல் வெள்ளையாக ஏதோ பொங்கி வந்து படிந்தது. உள்ளே சக்கையாக இருந்தது. தடவிய மசாலாவில் பச்சை வாடை போகவில்லை. என்னிடம் இருப்பது மேசைமேல் வைக்கும் சிறிய மின்சார ஓவன்தான். வருகிறவர்களில் எண்பது வயதுப் பாட்டி ஒருவரும் கர்ப்பமாக இருக்கும் பெண் ஒருவரும் உண்டு. விருந்தாளிகளை வரவேற்பறையில் விட்டுவிட்டு நான் அடுப்படியிலேயே நிற்காமல் இதைச் செய்ய முடியுமா?"

முடியும் அம்மா. விருந்துக்கு இதைவிட வசதியான மீன் கிடையாது. உங்களுக்கு நேர்ந்த மூன்று தொல்லைகளில் இரண்டுக்குக் காரணம் சூடு. மூன்றாவதுக்குக் காரணம் மசாலாவைப் பச்சையாகத் தடவியது.

நம் கை தெங்கிரிக்கும் (வஞ்சிரம்) பாவாலுக்கும் (வாவல்) பழகிய கை. குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது துண்டுகளைப் போட்டு, நன்றாக வெந்துவிட்டது என்று மனம் நிறைந்த பிறகே இறக்குவோம். மீன் கொஞ்சம் கூடுதலாக வெந்துவிட்டாலும் புளிக்குழம்பு உள்ளே இறங்கி அதைக் காப்பாற்றிவிடும். ஓவனில் அந்தத் துணை இல்லை. சால்மன், இன்னும் வேகவில்லையோ என்று நாம் சந்தேகப்படும் நேரத்தில் வெந்து முடிந்திருக்கிறது. அந்தச் சந்தேகத்துக்காகக் கொடுக்கும் பத்து நிமிடத்தில்தான் அது சக்கையாகிறது. 

பல வருடங்களுக்கு முன் என் வீட்டு விருந்தில் நானும் இதைத்தான் செய்தேன். முழு சியாக்காப் (கொடுவா) மீன் சுடுகிற கணக்கில் 220 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தேன். வெளியே எடுத்தபோது ஒவ்வொரு துண்டின் இடுக்கிலும் வெள்ளைக் கட்டிகள். விருந்தாளிகள் மரியாதைக்காகச் சாப்பிட்டார்கள். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளைப் பொருள் கெட்டது எதுவுமில்லை. மீனின் தசைக்குள் திரவமாக இருக்கும் புரதம் அது. அல்புமின் என்று சொல்வார்கள். சூடு வேகமாக ஏறினால் தசைநார்கள் சுருங்கி அதைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. வெளியே வந்ததும் முட்டை வெள்ளைபோல் உறைந்துவிடுகிறது. சாப்பிட்டால் தீங்கில்லை. ஆனால் அது நிறைய வந்திருந்தால் உள்ளிருந்த ஈரமும் வெளியேறிவிட்டது என்று பொருள். இதைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு, இரண்டையும் செய்யுங்கள். முதலாவது உப்புத் தண்ணீர். குளிர்ந்த தண்ணீர் ஒரு லிட்டருக்கு 50 கிராம் தூள் உப்பு, அதாவது ஏறக்குறைய மூன்று மேசைக்கரண்டி, என்ற அளவில் கரைத்து, துண்டுகளை 15 நிமிடம் மட்டும் முக்கி வையுங்கள். உங்கள் எட்டுத் துண்டுக்கு இரண்டு லிட்டர் தேவைப்படும். உப்பு வெளிப்புறத் தசைநார்களைக் கொஞ்சம் கரைத்து இளக்கிவிடுவதால் சூட்டில் அவை அவ்வளவு இறுக்கமாகச் சுருங்குவதில்லை. பிறகு எடுத்து, டிஷ்யூ தாளால் ஒற்றி ஈரம் போக்குங்கள். இரண்டாவது வழி குறைந்த சூடு. ஓவனை 130 டிகிரியில் வையுங்கள். 200 டிகிரியில் நல்ல பதத்துக்கும் சக்கைக்கும் நடுவே உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். 130-இல் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு நீங்கள் போய் வரவேற்றுவிட்டு வருவதற்குள் மீன் கெட்டுப்போகாது.

மீன் வாங்குவதைப் பற்றிச் சொல்கிறேன். நம் கடலில் சால்மன் கிடையாது. உலகத்திலேயே அதிகமாக அட்லாண்டிக் சால்மன் வளர்க்கும் நாடு நார்வே. குளிர்கடலில் கூண்டு கட்டி, தீவனம் போட்டு வளர்க்கும் மீன் அது. அந்த இளஞ்சிவப்பு நிறம் தீவனத்தில் இருக்கும் அஸ்டாக்சாந்தின் என்ற நிறப்பொருளால் வருவது. இறாலுக்கும் நண்டுக்கும் சிவப்புத் தருவதும் அதே பொருள்தான். ஆகவே நிறம் அடர்த்தியாக இருப்பதைப் புதுமைக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விரலால் அழுத்தினால் சதை திரும்ப எழ வேண்டும். வெள்ளைக் கொழுப்புக் கோடுகளின் வழியே சதை பிளந்து வாய் திறந்திருக்கக் கூடாது. ஓரம் பழுப்பேறியிருக்கக் கூடாது. எண்ணெய் சிக்கடித்த வாடை வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஆளுக்கு 150 முதல் 160 கிராம் போதும். எட்டுப் பேருக்குத் தோலோடு 1.3 கிலோ. ஒரு பக்கச் சதையை முழுசாக வாங்கிப் பெரிய தட்டில் வைப்பது பார்க்க அழகுதான், ஆனால் அது மேசை ஓவனுக்குள் நுழையாது. கடைக்காரரிடமே துண்டு போடச் சொல்லுங்கள்: ஐந்தாறு துண்டு நடுப்பகுதியிலிருந்து ஒரே கனத்தில், மீதி இரண்டு மூன்று வால் பக்கத்திலிருந்து. இந்த வால் துண்டுகளை எதற்குக் கேட்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். தோலை உரிக்க விடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் சதையின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். தடித்த பகுதியில் மெல்லிய முட்கள் ஒரே வரிசையில் தட்டுப்படும். இடுக்கியால் பிடித்து, அவை சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் சதை கிழியும். பாட்டி சாப்பிடப்போகும் மீன். இதை அவசரமாகச் செய்ய வேண்டாம்.

உறைந்த சால்மன் வாங்கினாலும் குறையில்லை. முதல் நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். காற்று நீக்கி அடைத்த பாக்கெட் என்றால், பனி இளகுவதற்கு முன்பே பாக்கெட்டை வெட்டித் திறந்து, வேறு பாத்திரத்தில் மூடி வையுங்கள். காற்றில்லாத இடத்தில் வளர்ந்து, பாட்டுலிசம் என்ற கடுமையான உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி வகை ஒன்று குளிர்பெட்டிச் சூட்டிலும் பெருகக்கூடியது. பலரும் கவனிக்காத விஷயம் இது.

இன்னொரு பழக்கத்தையும் இந்த ஒரு மீனுக்காக விட்டுவிடுங்கள். சந்தை மீனைப் புளித்தண்ணீரிலோ எலுமிச்சையிலோ அலசிக் கவிச்சி போக்குவது நம் வழக்கம். சால்மனை அப்படி ஊறவைத்தால் புளிப்பு பட்ட இடமெல்லாம் ஓவனுக்குப் போகும் முன்பே வெளுத்து, சுண்ணாம்புபோல் ஆகிவிடும். உப்புத் தண்ணீரே போதும். புளிப்பு கடைசியில், தட்டில் வரட்டும்.

இப்போது மசாலா. 130 டிகிரியில் 25 நிமிடம் என்பது மீனுக்குத்தான் கணக்கு, அரைத்த மசாலாவுக்கு அது போதவே போதாது. ஈரமுள்ள விழுது அந்த நேரத்தில் வெந்நீர்ச் சூட்டுக்குமேல் போகாது. வெங்காயமும் பூண்டும் மஞ்சளும் பச்சையாகவே நிற்கும். ஆகவே மசாலாவைத் தனியாக, முதல் நாளே வதக்கிவிட வேண்டும். பன்னிரண்டு சின்ன வெங்காயம், நான்கு பல் பூண்டு, கட்டைவிரல் நீள இஞ்சி, வெந்நீரில் ஊறிய எட்டுக் காய்ந்த மிளகாய், இரண்டு செராய் (எலுமிச்சைப்புல்) தண்டின் வெளிறிய இளம் பகுதி, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள். இவற்றை நன்றாக அரைத்து, நான்கு மேசைக்கரண்டி எண்ணெயில் கறிவேப்பிலை பொரியவிட்டு, விழுதைப் போட்டுச் சிறு தீயில் கிளறுங்கள். முதலில் சலசலவென்று தெறிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சத்தம் அடங்கும். பன்னிரண்டு, பதினைந்து நிமிடத்தில் விழுது கரண்டியோடு சேர்ந்து புரளும். கரண்டியை இழுத்த தடத்தில் எண்ணெய் சிவப்பாகக் கசிந்து நிற்கும். மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் வெங்காய நெடி போய் வறுவல் மணம் வரும். அப்போது நான்கு மேசைக்கரண்டி கெட்டித் தேங்காய்ப்பாலும் ஒரு தேக்கரண்டி கூலா மலாக்காவும் (தென்னை வெல்லம்) சேர்த்து, மறுபடி எண்ணெய் பிரியும்வரை வதக்கி ஆறவிடுங்கள். மீன் ஏற்கெனவே உப்பில் ஊறியிருப்பதால் இதில் உப்பு ஒரு சிட்டிகை போதும்.

தட்டின் அளவுக்கு வாழையிலை வெட்டி, தணலில் வாட்டி விரியுங்கள். துண்டுகளைத் தோல் அடியில் இருக்கும்படி, ஒரு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். ஆறிய மசாலாவை மேலே மெல்லியதாகப் பூசுங்கள். சால்மனுக்கென்று ஒரு ருசி இருக்கிறது, அதைப் புதைக்க வேண்டாம். இந்தக் கட்டம்வரை மாலையிலேயே முடித்து, மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம்.

சிறிய ஓவனில் ஒரு சங்கடம் உண்டு. மேல் கம்பி மீனுக்கு மிக அருகில் இருக்கும். குமிழில் எழுதியிருக்கும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பது அபூர்வம். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் போட்டு இருபது நிமிடம் காயவிடுங்கள். தட்டை நடு அடுக்கிலோ அதற்குக் கீழோ வைத்து, மேலே அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்துங்கள். கேக் சாமான் விற்கும் கடைகளில் ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானியும், மீனுக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானியும் கிடைக்கும். ஒன்றுதான் வாங்குவீர்கள் என்றால் குத்திப் பார்ப்பதையே வாங்குங்கள். நான் சொல்லும் எந்த நிமிடக் கணக்கையும்விட அது உங்களுக்கு உதவும்.

மூன்று சென்டிமீட்டர் கனமுள்ள துண்டுகளுக்கு 25 நிமிடம் ஆகலாம். இருபதாவது நிமிடத்திலேயே முதல் தடவை பாருங்கள். வெப்பமானியைப் பக்கவாட்டில், கனமான இடத்தின் நடுவரை செருகுங்கள். 50 முதல் 52 டிகிரி காட்டினால் எடுத்துவிடுங்கள். வெளியே இருக்கும் ஐந்து நிமிடத்தில் இன்னும் இரண்டு மூன்று டிகிரி தானே ஏறும். வெப்பமானி இல்லாதவர்கள் கரண்டியின் முதுகால் மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். வேகாத மீன் ரப்பர்போல் எதிர்க்கும். பதமாக வெந்தது அந்தக் கொழுப்புக் கோடுகளின் வழியே பூவிதழ்போல் விலகிக் கொடுக்கும். நடுவில் மட்டும் லேசாகக் கண்ணாடித்தன்மை தெரியும்.

ஆனால் பாட்டிக்கும் கர்ப்பிணிப் பெண்ணுக்கும் இந்தப் பதம் வேண்டாம். அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதி மீனுக்குச் சொல்லும் உட்சூடு 63 டிகிரி. நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவர்கள், நம்பகமான கடையில் வாங்கிய சால்மனை அதற்குக் குறைந்த சூட்டில் சாப்பிடுவது அவரவர் விருப்பம். இவர்கள் இருவர் விஷயத்தில் அந்த விருப்பத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். வால் துண்டுகளைக் கேட்டது இதற்காகத்தான். நடுத்துண்டின் பாதிக் கனம்தான் இருக்கும் என்பதால், நடுத்துண்டு 52-ஐத் தொடும்போது வால் துண்டு 63-ஐ எட்டியிருக்கும், அல்லது நெருங்கியிருக்கும். அவற்றைத் தட்டின் பின்பக்கம், சூடு கூடுதலாக இருக்கும் இடத்தில் வையுங்கள். தனியாகக் குத்திப் பாருங்கள். குறைந்தால் அவற்றை மட்டும் மறுபடி உள்ளே தள்ளுங்கள். மெதுவாக வெந்ததாலும் கொழுப்புள்ள மீன் என்பதாலும் 63-இலும் அது சக்கையாக இருக்காது. சம்பந்தி வீட்டில் மற்றவர்களும் நன்றாக வெந்ததையே விரும்புவார்கள் என்று தோன்றினால் எல்லாத் துண்டுகளையும் அப்படியே எடுங்கள். நானாக இருந்தால் மகளை விட்டு முன்கூட்டியே விசாரிக்கச் சொல்வேன். அந்தச் சனிக்கிழமை புரட்டாசியில் வருகிறதா, அவர்கள் அன்று அசைவம் சாப்பிடுவார்களா என்பதையும் சேர்த்தே.

நேரம் இப்படி வரும். 7.30-க்கு அவர்கள் வருகிறார்கள், 8.30-க்குச் சாப்பாடு என்றால், 7.35-க்கு ஓவனைப் போட்டு, தட்டையும் குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள். 7.55-க்கு உள்ளே வையுங்கள். 8.15-க்கு ஒரு முறை எழுந்து போய்ப் பாருங்கள். அவ்வளவுதான் உங்கள் அடுப்படி வேலை. பேச்சு நீண்டு சாப்பாடு அரை மணி நேரம் தள்ளிப்போனாலும் கவலையில்லை. வெதுவெதுப்பாகச் சாப்பிட்டாலும் ருசிக்கும் மீன் இது. திரும்பச் சுடவைக்காதீர்கள், குறிப்பாக மைக்ரோவேவில். நம் ஊர் வெக்கையில் ஒரு மணி நேரத்துக்குமேல் மேசையில் கிடக்கவும் விடாதீர்கள்.

பரிமாறும்போது தட்டையான கரண்டியைத் தோலுக்கும் சதைக்கும் நடுவே நுழைத்துத் தூக்குங்கள். தோல் இலையோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும், சதை மட்டும் உடையாமல் வரும். மேலே நூலாக அரிந்த லீமாவ் பூருட் (காஃபிர் லைம்) இலையும், அசாம் லக்சாவில் தூவும் புங்கா காந்தான் என்ற இஞ்சிவகைப் பூமொட்டைப் பொடியாக நறுக்கியதும் தூவுங்கள். ஆளுக்கு ஒரு கஸ்தூரி எலுமிச்சையைப் பாதியாக வெட்டி ஓரத்தில் வையுங்கள். பக்கத்துக்கு வெறும் வெள்ளைச் சோறு, வெள்ளரிக்காயும் அன்னாசியும் போட்ட அச்சார், சின்னக் கிண்ணத்தில் மிளகு ரசம். தேங்காய்ச் சோறு வேண்டாம் என்பேன். மீனே கொழுப்பானது, மசாலாவிலும் பால் இருக்கிறது, மூன்றாவதாக அதுவும் சேர்ந்தால் திகட்டிவிடும்.

மிஞ்சினால் இரவே குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் காலை உதிர்த்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்த் துருவலோடு சுறாப்புட்டுபோல் வதக்குங்கள். ஆவி பறக்கச் சூடேறும்வரை கிளறி இறக்கினால் தோசைக்குத் தொட்டுக்கொள்ள மிக நன்றாக இருக்கும்.