ஆர்வெல் எழுதின கட்டுரைகள்: நீங்க கேட்டதும் நான் சொன்னதும்

ஜார்ஜ் ஆர்வெல்னா எல்லாருக்கும் ரெண்டு நாவல்தான் ஞாபகம் வரும். ஆனா அந்த மனுசன் உயிரக் குடுத்து எழுதினது கட்டுரையும் நேர்ல பார்த்த அனுபவமும்னு நான் ரொம்ப வருசமா சொல்லிட்டு இருக்கேன். அதப் பத்தி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழ.

கேள்வி: அண்ணே, 'அனிமல் ஃபார்ம்', '1984' ரெண்டும் முடிச்சிட்டேன். கட்டுரைல எங்கருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: 'எ ஹேங்கிங்'லருந்து ஆரம்பிங்க தம்பி, 1931ல வந்தது, சில பக்கம்தான். ஆர்வெல் பர்மால வெள்ளைக்கார போலீஸ் அதிகாரியா இருந்தப்ப பார்த்தது. அங்க ஒரு ஜெயில், மழைக்காலத்துக் காலை நேரம், ஒரு கைதிய தூக்குல போடக் கூட்டிட்டுப் போறாங்க. தூக்குமேடைக்கு இன்னும் நாப்பது கஜம் இருக்கு, ரெண்டு பக்கமும் வார்டருங்க தோளப் பிடிச்சிருக்காங்க, அப்ப வழில தேங்கிக் கிடக்குற தண்ணிய மிதிச்சிடக் கூடாதுன்னு அந்த ஆளு லேசா ஒதுங்கி நடக்குறான். அவ்ளோதான். அடுத்த சில நிமிசத்துல சாகப்போறவன் கால் நனையக் கூடாதுன்னு பார்க்குறான். அதப் பார்த்த அப்புறம்தான் நல்லா இருக்குற ஒரு உயிர எடுக்குறதுன்னா என்னன்னு தனக்கு உறைச்சதுன்னு எழுதுறாரு. மரண தண்டனை தப்புன்னு நூறு பக்கம் வாதாடினாலும் இந்த ஒரு அடிக்கு ஈடாகாது. கடைசில எல்லாரும் சேர்ந்து சிரிச்சு விஸ்கி குடிக்கிறாங்க, நூறு கஜம் தள்ளி பிணம் கிடக்குது. அந்த இடத்துல நான் புத்தகத்த மூடி வச்சிட்டு சும்மா உக்காந்திருந்தேன்.

கேள்வி: அதெல்லாம் நிஜமா நடந்ததா, இல்ல கதையா? 'ஷூட்டிங் அன் எலிபன்ட்'னு ஒரு யானைய சுட்டதா எழுதினாரே, அந்த யானைய அவர் சுடவே இல்லன்னு சொல்றாங்களே?

பதில்: யானை விசயத்துல ஆராய்ச்சிக்காரங்க இன்னிக்கும் ஒரு முடிவுக்கு வரல. ஆனா அவர் பார்த்தத மாத்தி எழுதினதுக்கு கையில ஆதாரம் இருக்குற ஒரு இடம் சொல்றேன். 'தி ரோட் டு விகன் பியர்' 1937ல வந்துச்சு, வட இங்கிலாந்து சுரங்கத் தொழிலாளிங்க வாழ்க்கை. அதுல ரயில்ல போகும்போது ஜன்னல் வழியா ஒரு இளம்பெண்ணப் பார்ப்பாரு, குளிர்ல மண்டி போட்டு, அடைச்சுக்கிட்ட கழிவுநீர்க் குழாய குச்சிய விட்டுக் குத்திட்டு இருப்பா, அந்த முகத்துல அவ்ளோ விரக்தி. ஆனா அவரோட 1936 டைரிலயும் இதே பொண்ணு வர்றா, அங்க ரயில் கிடையாது, அழுக்குச் சந்துல நடந்து போகும்போது பக்கத்துல பார்த்தது. ரயில்னு மாத்தினதால காட்சி இன்னும் கூர்மையா ஆயிடுச்சு, வாஸ்தவம்தான், ஆனாலும் எனக்கு உறுத்துது. நேர்ல நின்னு பார்த்தவர் எதுக்கு ரயில்ல ஏறி கடந்து போகணும்? பொண்ணு நிஜம், குழாய் நிஜம், அதனால நான் அவர நம்புறேன். டைரியையும் சேர்த்துப் படிங்க.

கேள்வி: பர்மா கட்டுரைகள்ல தமிழங்க வர்றாங்கன்னு ஒருத்தர் சொன்னாரு, உண்மையா சார்?

பதில்: தமிழன்னு பேர் சொல்லி வரல, திராவிடன்னு வருது. 'எ ஹேங்கிங்'ல தங்கக் கண்ணாடி போட்ட தலைமை ஜெயிலர் பிரான்சிஸ் ஒரு திராவிடர். 1936ல வந்த 'ஷூட்டிங் அன் எலிபன்ட்'ல யானை மிதிச்சு செத்துப்போறவரும் திராவிடக் கூலித் தொழிலாளி. கொஞ்சம் தள்ளி அவர கோரிங்கின்னு குறிப்பிடுறாங்க. காக்கிநாடா பக்கத்துல கோரங்கின்னு ஒரு துறைமுகம், அந்தப் பக்கத்துலருந்து கப்பலேறி பர்மாவுக்குப் பிழைக்கப் போன தெலுங்கு ஜனங்களுக்கு அங்க ஒட்டிக்கிட்ட பேரு அது. யானை விலை என்ன, ஒரு கோரிங்கி கூலியோட விலை என்னன்னு வெள்ளைக்காரப் பசங்க பேசிக்கிறாங்க. ஆர்வெல் அதோட நிறுத்தல, அந்த ஆள் செத்தது தனக்கு சந்தோசமா இருந்துச்சுன்னு எழுதுறாரு, ஏன்னா யானைய சுட்டதுக்கு சட்டப்படி ஒரு காரணம் கிடைச்சுருச்சு. இத எழுத எவ்ளோ தைரியம் வேணும்! ஏகாதிபத்தியத்தத் திட்டுறவங்க நிறைய பேரு, அந்தச் சட்டையப் போட்டுட்டு தனக்குள்ள ஊறின அழுக்கக் காட்டினவங்க கம்மி. ஆனாலும் செத்தவருக்கு அந்தக் கட்டுரைல பேரே கிடையாது, அது எனக்கு ஒவ்வொரு தடவையும் வலிக்குது.

நிஜமான தமிழ்த் தொடர்பு வேற இருக்கு. 1941லருந்து 1943 வரைக்கும் பிபிசி கிழக்கத்திய சேவைல வேலை பார்த்தாரு, அங்க இந்திய மொழிகள்ல மொழிபெயர்த்து வாசிக்கிறதுக்காக இங்கிலீஷ்ல வாராந்திர செய்திக் குறிப்பு எழுதிக் குடுத்தாரு, அந்த மொழிகள்ல தமிழும் ஒண்ணு.

கேள்வி: 'ஹோமேஜ் டு கேட்டலோனியா' பாதில விட்டுட்டேன், ஒரே கட்சிப் பேரா வருது.

பதில்: உங்க மேல தப்பே இல்ல. ஸ்பெயின் உள்நாட்டுப் போர்ல அவர் போய் சண்டை போட்ட அனுபவம் அது. அந்தக் கட்சி அரசியல் அத்தியாயம் ரெண்டையும் பின்னிணைப்பா கடைசிக்குத் தள்ளிடணும்னு அவரே ஆசைப்பட்டாரு, அவர் செத்து ரொம்ப காலம் கழிச்சு 1986 பதிப்புலதான் அது நடந்துச்சு. அந்த மாதிரி பதிப்பா பார்த்து எடுங்க, இல்ல அந்த ரெண்ட மட்டும் தாண்டிட்டுப் போங்க. போர்முனைல சண்டையவிட விறகு, சாப்பாடு, புகையிலை, மெழுகுவத்தி இதுங்கதான் பெரிய பிரச்சனைன்னு எழுதுறாரு பாருங்க, அங்க நிஜமா இருந்தவன்தான் அப்படி எழுத முடியும். 1937 மே மாசம் தொண்டைல குண்டு பாயுது. முதல்ல பொண்டாட்டி ஞாபகம், அடுத்து இவ்ளோ நல்லா இருக்குற உலகத்த விட்டுட்டுப் போகணுமேன்னு கடுங்கோபம். பயம்னு ஒரு வார்த்த வரல. 1938ல வெறும் 1500 பிரதிதான் போட்டாங்க, 1950ல அவர் சாகும்போதுகூட அது வித்துத் தீரல.

கேள்வி: டீ போடுறதப் பத்தி எழுதிருக்காராமே?

பதில்: ஆமா, 1946ல, பதினோரு விதி. இந்தியா இல்ல சிலோன் டீத்தூள்தான் வேணும், டீய ஊத்தின அப்புறம் பால், சர்க்கரை கூடவே கூடாது. நம்ம டீக்கடைல போய் சொன்னா அடிக்க வருவாங்க.

கேள்வி: நான் நர்ஸ். எனக்குன்னு ஒண்ணு சொல்லுங்கண்ணா.

பதில்: 'ஹவ் தி புவர் டை' படிங்கம்மா. 1929ல பாரிஸ்ல ஒரு தர்ம ஆஸ்பத்திரில நிமோனியாவோட கிடந்தத 1946ல எழுதுறாரு. மாணவங்க வரிசைல நின்னு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் நோயாளி நெஞ்சுல காத வச்சுக் கேக்குறாங்க, ஆனா ஒருத்தர்கூட அந்த ஆளோட முகத்தப் பார்க்கல, ஒரு வார்த்த பேசல. கொஞ்சம் தள்ளி ஒரு கட்டில்ல இருந்தவருக்கு பேர் இல்ல, நம்பர்தான், ராத்திரி எப்பவோ செத்துக் கிடக்குறாரு. எங்கப்பா கடைசியா ஆஸ்பத்திரில இருந்தப்ப அவர பெட் நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டாங்க, ஒரே ஒரு நர்ஸம்மா மட்டும் பேர் சொல்லி ஐயான்னு கூப்பிட்டாங்க. அதனாலயே உங்களுக்கு இதச் சொல்றேன்.

கேள்வி: எழுத்து நல்லா வர அவர் ஆறு விதி சொன்னாராமே, தமிழுக்கு ஆகுமா?

பதில்: 'பாலிடிக்ஸ் அண்ட் தி இங்கிலீஷ் லாங்வேஜ்', 1946. அச்சுல அடிக்கடி பார்த்துப் பழகின உவமைய எடுக்காதே, சின்ன வார்த்த போதும்னா பெரிசு வேணாம், வெட்ட முடிஞ்ச வார்த்தைய வெட்டு. இதெல்லாம் அப்படியே ஆகும். "என்றால் மிகையாகாது", "சொல்லில் அடங்காது" இதெல்லாம் யோசிக்காமலே கைல வர்ற வரிங்க, நாம மேடைலயும் பத்திரிகைலயும் கொட்டுறோம். உங்க பழைய பதிவு ஒண்ண எடுத்து இந்த மாதிரி வரிய மட்டும் அடிச்சுப் பாருங்க, மிச்சம் என்ன நிக்குதுன்னு தெரியும். செய்வினைல சொல்ல முடிஞ்சா செயப்பாட்டுவினை வேணாம்ங்கிற விதிய மட்டும் நம்ம மொழிக்குத் தக்க மாத்திக்கலாம், பேச்சுத் தமிழ்ல அது ஏற்கனவே கம்மிதான். ஆறாவது விதி என்னன்னா, அசிங்கமா ஒண்ண எழுதுறதவிட இந்த விதிய மீறுறது மேல்.

கேள்வி: காசு குடுக்காம படிக்க வழி இருக்கா?

பதில்: இருக்கு. இந்தியால எழுத்தாளர் செத்து 60 வருசம் வரைக்கும்தான் காப்புரிமை, அவர் இருந்தப்ப வெளிவந்ததுக்கெல்லாம் 2010ஓட அது முடிஞ்சுபோச்சு. நெட்ல முழுக் கட்டுரையும் தாராளமா கிடைக்குது. 'எ ஹேங்கிங்'குக்கு கால் மணி நேரம் போதும், இன்னிக்கு ராத்திரியே படிச்சிட்டு அந்தத் தண்ணி தேங்கின இடம் வந்ததும் எனக்கு எழுதுங்க.