5 வயதுப் பையன் "நான் பொம்பளப் பிள்ளை" என்கிறான். இது வளர்ப்பினால் வருவதா?

பொகவந்தலாவையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அண்ணன் மகன் அக்காவின் சட்டையைப் போட்டுக்கொண்டு "நான் பொம்பளப் பிள்ளை" என்கிறான். அண்ணி வளர்த்த விதம்தான் காரணம் என்று வீட்டில் சண்டை. அண்ணி மேல் எந்தப் பிழையும் இல்லை. இதை முதலிலேயே சொல்கிறேன், ஏனென்றால் இதே பழியை என் அம்மா பல வருடம் சுமந்தார்.

எனக்குத் தம்பியாகப் பிறந்தவள் இன்று என் தங்கச்சி. அம்மா தேயிலை மலையிலிருந்து வந்ததும், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்கை அவிழ்த்து வாசல் கொடியில் போடுவார். அவள் அதை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, வேலியோரச் செடியில் கொழுந்து கிள்ளுவாள். ஈரப் படங்கு காலைத் தடுக்கும், தரையில் இழுபடும். அதற்காக அப்பா அடித்த அடி கொஞ்சமா! "பொம்பளப் புள்ள வேணும்னு நேந்துகிட்டீல்ல, அதான்" என்று பெரியம்மா அம்மாவைக் குத்துவார். அடி வாங்கி அவள் மாறவில்லை. எங்களிடம் பேசுவதைத்தான் நிறுத்தினாள்.

நான் உயிரியல் படிப்பிக்கிறேன். வளர்ப்பால் இந்த உணர்வை உண்டாக்கலாம் என்று நம்பி உண்மையிலேயே செய்து பார்த்தவர்கள் உண்டு. 1965இல் கனடாவில் பிறந்த டேவிட் ரைமரின் ஆணுறுப்பு, கைக்குழந்தையாக இருக்கும்போது சத்திரசிகிச்சையில் கருகிப்போனது. ஜோன் மணி என்ற உளவியலாளரின் ஆலோசனைப்படி பெண் பெயர் வைத்து, கவுன் போட்டு வளர்த்தார்கள். பிள்ளை அதில் ஒட்டவே இல்லை. 14 வயதில் உண்மை தெரிந்ததும் ஆணாக வாழத் தொடங்கினார். ஒருவரின் கதைதானே என்று தள்ளிவிடவும் முடியாது. ஆணுறுப்பு சரியாக உருவாகாததால் பெண்ணாக வளர்க்கப்பட்ட, ஆண் குரோமோசோம் கொண்ட 14 பிள்ளைகளைப் பற்றி 2004இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. அதில் 8 பேர் தாங்கள் ஆண் என்று தாங்களே சொன்னார்கள். மிச்சப் பேரில் பெரும்பாலோர் பெண்ணாகவே வாழ்ந்தார்கள். உடம்பு பலமாகத் தள்ளுகிறது, ஆனால் எல்லோரையும் ஒரே பக்கம் தள்ளுவதில்லை.

அடுத்தது கருவில் படும் ஹோர்மோன். அட்ரீனல் சுரப்பிக் கோளாறால் தாய் வயிற்றிலேயே ஆண் ஹோர்மோன் அதிகம் பட்ட பெண் பிள்ளைகள், காரும் பந்துமாக விளையாடுவதை மற்றப் பெண் பிள்ளைகளை விட அதிகம் விரும்புகிறார்கள். ஆனாலும் அவர்களில் பெரும்பாலோர் தங்களைப் பெண்ணாகவே உணர்கிறார்கள். அப்படியென்றால் விளையாட்டு வேறு, தான் யார் என்ற உணர்வு வேறு. எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் வருடா வருடம் ரதி வேஷம் கட்டிய மாமாவை நினைத்துக்கொள்வேன். அவர் அழுதால் லயத்துச் சனமே அழும். விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு, கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போய்விடுவார். என் தங்கச்சி ஒரு நாளும் வேஷம் கட்டியதில்லை.

பரம்பரைக்கும் பங்கு இருக்கிறது. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவர் திருநராக, அதாவது பிறந்தபோது சொன்ன பாலுக்கு மாறாகத் தன்னை உணர்பவராக இருந்தால் மற்றவரும் அப்படி இருப்பது, தனித்தனிக் கருவில் உண்டான இரட்டையரை விட அதிகம். எல்லா இரட்டையரிலும் அப்படி இல்லை. இதைக் காட்டும் ஒற்றை மரபணுவோ இரத்தப் பரிசோதனையோ கிடையாது.

சரி, உங்கள் மருமகன்? 5 வயதில் சொல்வது சில பிள்ளைகளிடம் நிலைக்கும், சிலரிடம் நிலைக்காது. இப்போதே எந்தப் பெயரும் சூட்ட வேண்டாம். இந்த வயதில் இதற்கு மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. மந்திரிக்கக் கொண்டுபோனால் தடுத்துவிடுங்கள், கை ஓங்கினாலும் தடுங்கள். பள்ளிக்கூடம் போகப் பயந்தாலோ தூக்கம் கெட்டாலோ சிறுவர் மனநல வைத்தியரிடம் காட்டுங்கள்.

"உங்க பிழை இல்லம்மா" என்று என் அம்மாவிடம் நான் சொன்னபோது அவருக்கு 58 வயது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப, அந்தப் படங்க நான் கொடியில போட்டதால இல்லையா?" என்று கேட்டார். அண்ணியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.