28 நாளுக்கு இரவல் பணம்

கேள்வி: லண்டனில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் முழுவதற்கும் கல்விக் கடன் கிடைத்துவிட்டது. விசாவுக்குக் காட்டவேண்டிய பணத்தை அக்கா 28 நாள் என் கணக்கில் போட்டுவைக்கிறாள், விசா வந்ததும் திருப்பிவிடுவேன். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் பகுதிநேர வேலை போதுமா?

பதில்: போதாது. ஆனால் தம்பி, எனக்குக் கோபம் வந்தது அக்காவைப் பற்றிய அந்த ஒற்றை வரியில்தான். அவள் எதற்காகச் சேர்த்த பணம் அது? கடிதத்தில் ஒரு சொல் இல்லை.

நீங்கள் 'காட்டவேண்டிய பணம்' என்கிறீர்கள். அது நீங்கள் வாழவேண்டிய பணம். 2025 நவம்பர் முதல் லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு வீதம் 9 மாதத்துக்கு 13,761 பவுண்டு வேண்டும். படிக்கும் காலத்தில் அது உண்மையாகவே உங்கள் கையில் இருக்கவேண்டும் என்பது விதி. விசா வந்ததும் திருப்பித் தரப்போகிற பணத்தைக் காட்டினால் அது ஏமாற்று. அந்த ஏமாற்றில் அக்காவையும் கூட்டுச் சேர்க்கிறீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். பாடக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி. கோடையில் ஈடுகட்டலாம் என்று எண்ணாதீர்கள். முதுகலை மாணவருக்கு ஆய்வேடு எழுதும் கோடையும் பொதுவாகப் பாடக் காலமே. 2025 ஏப்ரலில் வந்த குறைந்தபட்ச ஊதியமான மணிக்கு 12.21 பவுண்டை வைத்துப் பார்த்தால், ஒரு வாரம்கூடத் தவறாமல் உழைத்தாலும் மாதம் சுமார் 1,058 பவுண்டு. முதல் சம்பளம் வருவதற்கு முன்பே வீட்டுக்காரர் ஐந்து வார வாடகைவரை வைப்புத்தொகையும், முதல் மாத வாடகையும் கேட்பார்.

வாடகை கழுத்தை நெரிக்கும்போது இரண்டு வழிதான் தெரியும். 20 மணிக்கு மேல் திருட்டுத்தனமாக வேலை பார்த்தால் விசா போகும். இல்லையென்றால் அக்காவுக்கே மறுபடி போன் செய்வீர்கள். அந்தக் கடனுக்குத் திருப்பித் தரும் தேதியே இருக்காது. கேள்வி கேட்காமல் கொடுப்பவளிடம்தான் முழுக் கணக்கையும் முதலில் சொல்லவேண்டும். உடன்பிறப்புக்குச் செய்யும் குறைந்தபட்சக் கடமை அது.

இன்றே அவளோடு உட்காருங்கள். 13,761 பவுண்டோடு, விண்ணப்பிக்கும்போதே மொத்தமாகக் கட்டவேண்டிய மருத்துவச் சேவைக் கட்டணத்தையும் எழுதுங்கள். ஓராண்டு முதுகலைக்குப் பெரும்பாலும் 1,164 பவுண்டு. விசாக் கட்டணம், விமானச் சீட்டு, வைப்புத்தொகை எல்லாம் அந்தத் தாளில் வரட்டும். படிப்பு முடியும்வரை பணத்தை விட்டுவைக்க அவளால் முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால், திருப்பித் தரும் தேதியை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அவள் தயங்கினால் அதோடு விட்டுவிடுங்கள், வற்புறுத்தக் கூடாது.

அப்போது வாழ்க்கைச் செலவையும் சேர்த்துக் கல்விக் கடனை உயர்த்தக் கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடன் கடிதத்துக்கு, பணம் 28 நாள் வங்கிக் கணக்கில் இருக்கவேண்டும் என்ற விதியே கிடையாது. கடிதம் ஆறு மாதத்துக்குள் எழுதப்பட்டதாக இருந்தால் போதும். அதுவும் நடக்கவில்லையா? லண்டனுக்கு வெளியே பாருங்கள். அங்கே 9 மாதத்துக்கு 10,539 பவுண்டுதான், 3,222 பவுண்டு குறைவு. அல்லது சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுதுங்கள், கட்டியபின் அதைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.