கையில் எடுத்துப் பார்த்ததைச் சொல்லுங்கள்: துணைநூற்பட்டியல் கேள்வி பதில்

புதுச்சேரியிலும் கடலூர் மாவட்டத்திலும் ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஆய்வேடுகளைச் செம்மை பார்ப்பது என் வேலை. ஓர் ஆய்வேடு கைக்கு வந்ததும் நான் முதலில் திறப்பது கடைசிப் பக்கங்களைத்தான். எழுதியவர் நூலகத்தில் உட்கார்ந்து படித்தவரா, பிறருடைய பட்டியலை அப்படியே எடுத்து வைத்தவரா என்பது துணைநூற்பட்டியலிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: அம்மா, நெறியாளர் எம்.எல்.ஏ. முறை என்கிறார். கட்டுரை அனுப்பவிருக்கும் ஆய்விதழ் ஏ.பி.ஏ. முறை கேட்கிறது. முன்னால் படித்தவர்கள் சிகாகோதான் நல்லது என்கிறார்கள். எதைப் பின்பற்றுவது? (முனைவர் பட்ட ஆய்வாளர், காலாப்பட்டு)

பதில்: இந்த மூன்றும் மேற்கோளையும் துணைநூற்பட்டியலையும் எழுதும் முறைகள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு கையேடு உண்டு. ஆய்வேட்டுக்குப் பல்கலைக்கழகம் சொல்வது, கட்டுரைக்கு இதழ் சொல்வது. கையேட்டின் எந்தப் பதிப்பு என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏ.பி.ஏ. 7ஆம் பதிப்பு 2019இலும், எம்.எல்.ஏ. 9ஆம் பதிப்பு 2021இலும், சிகாகோ 18ஆம் பதிப்பு 2024இலும் வந்தன. துறையில் கைமாறி வரும் நகல் பெரும்பாலும் இவற்றுக்கு முந்தையதாகத்தான் இருக்கும்.

ஒரே ஓர் இடத்தில் கையேட்டை மீறச் சொல்வேன். ஏ.பி.ஏ. 7ஆம் பதிப்பு நூல் வெளியான ஊரை எழுத வேண்டாம் என்கிறது. இன்றைய நூல்களுக்கு அது சரி. 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் நூலுக்கு ஊரையும் அச்சுக்கூடத்தின் பெயரையும் விடாமல் எழுதுங்கள். அந்த நூல்களுக்கு அச்சுக்கூடத்தின் பெயர்தான் அடையாளம். அதை விட்டால் எந்தப் பதிப்பைச் சொல்கிறீர்கள் என்பதே தெரியாமல் போகும். நெறியாளரிடம் காரணம் சொன்னால் ஒப்புக்கொள்வார்.

கேள்வி: நம் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாதே. முன்னெழுத்தை எங்கே போடுவது? துணைநூற்பட்டியல் தயாரிக்கும் ஜோடெரோ மென்பொருளில் பெயரை இட்டால் தலைகீழாக வருகிறது. (ஆய்வாளர், இலாசுப்பேட்டை)

பதில்: ச. முருகன் என்ற ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். பட்டியலில் ‘முருகன், ச.’ என்று வர வேண்டும். கட்டுரைக்குள் ‘முருகன் 2012’ என்று வர வேண்டும். ஜோடெரோவில் ஆசிரியர் பெயருக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. கடைப்பெயர்க் கட்டத்தில் ‘முருகன்’, முதற்பெயர்க் கட்டத்தில் ‘ச.’ என்று இடுங்கள். ஆங்கிலத் தரவுத்தளத்திலிருந்து பதிவைத் தானாக இறக்கும்போதுதான் கோளாறு நேர்கிறது. ‘முருகன் ச.’ என்று அச்சிட்ட இதழிலிருந்து எடுத்தால், மென்பொருள் ‘ச.’ என்பதைக் குடும்பப் பெயராகக் கொண்டு ஆசிரியரைச் சகர முன்னெழுத்துக்காரர்களின் கூட்டத்தில் சேர்த்துவிடும். இறக்கிய ஒவ்வொரு பதிவையும் திறந்து பாருங்கள். குறுக்குவழி எதுவும் இல்லை.

திருமணத்துக்குப் பிறகு முன்னெழுத்து மாறிய பெண் ஆசிரியர்களை மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு நூலிலும் அச்சில் உள்ளபடியே எழுதுங்கள். இரண்டும் ஒருவரே என்பது உறுதியாகத் தெரிந்தால், ஒரு பெயரின் கீழ் ‘காண்க’ என்று மற்றதைச் சுட்டுங்கள். இல்லாவிட்டால் ஒருவருடைய வாழ்நாள் உழைப்பு இரண்டு பேருடையதாகப் பிரிந்து நிற்கும்.

புனைபெயரும் அப்படித்தான். நூலில் பாரதிதாசன் என்று இருந்தால் பட்டியலிலும் பாரதிதாசன்தான். அதைக் ‘கனகசுப்புரத்தினம்’ என்று மாற்றி எழுதுவதால் ஆய்வின் தரம் உயராது, தேடுகிறவருக்குத்தான் சிரமம்.

பிரெஞ்சு ஆசிரியர்களைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். புதுச்சேரியில் பணியாற்றிய தொல்லியல் அறிஞர் கபிரியேல் ழூவோ-துப்ரேய் போன்றவர்களுக்கு இணைப்புக்குறியோடு வருவது முழுவதும் குடும்பப் பெயர். ‘துப்ரேய்’ என்று பிரித்துத் தகரத்தில் வைக்காதீர்கள்.

கேள்வி: பட்டியலைக் கணினியில் அகரவரிசைப்படுத்தினேன். தேர்வாளர் வரிசை தவறு என்று திருப்பி அனுப்பிவிட்டார். கணினி எப்படித் தவறும்? (முதுகலை மாணவி, நெய்வேலி)

பதில்: சில மென்பொருள்களுக்குத் தமிழ் அகரவரிசை தெரியும். சில, எழுத்துகளுக்குரிய ஒருங்குறி (யூனிகோடு) எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும். அந்த எண்வரிசையில் சகரத்தை அடுத்து ஜகரம் நிற்கிறது. நகரத்தை அடுத்து னகரம். ரகரத்தை அடுத்து றகரம். நம் வரிசையில் வல்லின றகரமும் னகரமும் கடைசி; ஜ, ஷ, ஸ, ஹ அவற்றுக்கும் பின்னால். ஆகவே கணினி ஜெயராமனை ஞானசம்பந்தனுக்கு முன்னால் வைத்துவிடும்.

இதைவிட நுட்பமான தவறு புள்ளியில் இருக்கிறது. தமிழ் அகராதியில் மெய் முதலில், உயிர்மெய் பிறகு. சக்திவேல் முன்னால் வர வேண்டும், சகாதேவன் அடுத்து. ஒருங்குறியில் புள்ளியின் எண் துணைக்காலின் எண்ணைவிடப் பெரியது என்பதால் வரிசை புரண்டு சகாதேவன் முந்திக்கொள்கிறார். உங்கள் தேர்வாளர் இதைக் கண்டுபிடித்திருந்தால் அவர் கவனத்தோடு படிப்பவர்; நன்றி சொல்லுங்கள். வரிசைப்படுத்தும்போது மொழியைத் தமிழ் என்று தெரிவு செய்துவிட்டு, கடைசியில் அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள்.

கேள்வி: ‘ப.’ எப்போது, ‘பக்.’ எப்போது? (இளங்கலை மாணவர், விருத்தாசலம்)

பதில்: ஒரு பக்கத்துக்கு ‘ப.’; ஒன்றுக்கு மேற்பட்டால் ‘பக்.’ அவ்வளவுதான்.

கேள்வி: சங்கப் பாடல்களுக்குப் பக்க எண் தர வேண்டுமா? (ஆய்வாளர், சிதம்பரம்)

பதில்: வேண்டாம். பாடல் எண்ணும் அடி எண்ணும் தாருங்கள். ‘செம்புலப் பெயனீர் போல, அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே’ என்பதை (குறுந். 40: 4-5) என்று காட்டினால், எந்தப் பதிப்பு வைத்திருப்பவரும் அந்த அடிக்கு நேராகப் போய்விடுவார். குறளுக்குக் குறள் எண் போதும். சிலப்பதிகாரத்துக்குக் காதையும் அடியும்.

ஆனால் பட்டியலில் எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினீர்கள் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். உ.வே. சாமிநாதையரின் குறுந்தொகைப் பதிப்பு 1937இல் வந்தது; அதன் பின் வேறு உரைகளும் பதிப்புகளும் வந்துவிட்டன. பாடவேறுபாடு உள்ள சொல்லின் மேல் உங்கள் வாதம் நிற்கிறது என்றால், பதிப்பைச் சொல்லாத மேற்கோளால் பயனில்லை. தொல்காப்பியத்தில் இன்னும் கவனம் வேண்டும். உரையாசிரியருக்கு உரையாசிரியர் நூற்பாக்களைப் பிரித்த விதம் மாறுவதால் எண்ணும் மாறும். அதிகாரம், இயல், நூற்பா எண் ஆகியவற்றோடு எந்த உரை, இளம்பூரணமா, சேனாவரையமா என்பதையும் எழுதுங்கள்.

மதுரைத் திட்டம் போன்ற மின்தொகுப்பிலிருந்து எடுத்திருந்தால் அதையே சொல்லுங்கள். அந்த மின்பதிப்பு எந்த அச்சு நூலை அடிப்படையாகக் கொண்டது என்ற குறிப்பு இருந்தால் அதையும் சேருங்கள். இணையத்தில் படித்துவிட்டு அச்சு நூலின் பெயரை மட்டும் எழுதுவது முறையல்ல.

கேள்வி: அரிக்கமேடு பற்றி எழுதுகிறேன். அங்கே அகழாய்வு செய்த வீலர் சொன்னதை ஒரு தமிழ் நூலில் படித்தேன். வீலர் பெயரையே அடிக்குறிப்பில் போடலாமா? (ஆய்வாளர், அரியாங்குப்பம்)

பதில்: கூடாது. இந்தப் பழக்கத்தைத்தான் நான் மிகவும் வன்மையாக எதிர்க்கிறேன். நீங்கள் படித்தது தமிழ் நூலை. பொறுப்பும் அதன் ஆசிரியருக்கும் உங்களுக்கும் இடையில்தான். ‘வீலர் 1946, மேற்கோள்: இன்னார், ப. இத்தனை’ என்று கட்டுரையில் எழுதி, பட்டியலில் அந்தத் தமிழ் நூலை மட்டும் சேருங்கள். ஏ.பி.ஏ. முறையும் இப்படித்தான் சொல்கிறது.

ஆனால் அரிக்கமேட்டுக்குப் பக்கத்தில், அரியாங்குப்பத்தில் இருந்துகொண்டு வீலரை நேரில் படிக்காமல் விடலாமா? 1945இல் அவர் தோண்டினார். அறிக்கை ‘ஏன்ஷியண்ட் இந்தியா’ இதழின் 2ஆம் எண்ணில் 1946இல் வந்தது. ஏ. கோஷ், கிருஷ்ண தேவா ஆகியோரும் அதில் பங்களித்தவர்கள். பிரெஞ்சு நிறுவன நூலகத்திலோ பல்கலைக்கழக நூலகத்திலோ கேளுங்கள். மூலத்தைப் படித்த பிறகு, இடையில் நின்ற தமிழ் நூல் எதைச் சுருக்கியது, எதை விட்டது என்பது தெரியவரும். பல ஆய்வேடுகளில் அந்த இடைவெளியிலிருந்துதான் புதிய அத்தியாயம் பிறக்கிறது.

கேள்வி: 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எப்படிச் சுட்டுவது? தமிழ், ஆங்கிலம், மறுபதிப்பு என்று பல இருக்கின்றன. (வரலாற்று ஆய்வாளர், கடலூர்)

பதில்: நாளைச் சொல்லுங்கள். நாட்குறிப்புக்கு அதைவிட உறுதியான எண் வேறில்லை. நாள், அடுத்து எந்த மொழிப் பதிப்பு, தொகுதி, பக்கம். ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாக 1904 முதல் 1928 வரை சென்னை அரசு அச்சகத்தில் வெளியானது. முதல் மூன்று தொகுதிகளின் பதிப்பாசிரியர்கள் பிரைஸும் ரங்காச்சாரியும், மற்றவற்றுக்கு டாட்வெல். பன்னிரண்டையும் ஒரே பெயரில் எழுதுவது அடிக்கடி காணும் பிழை. கையில் இருப்பது மறுபதிப்பானால் முதற்பதிப்பின் ஆண்டையும் மறுபதிப்பின் ஆண்டையும் தாருங்கள். ஒன்றை மட்டும் எழுதினால், 18ஆம் நூற்றாண்டு மனிதர் நேற்றுதான் நூல் வெளியிட்டார் என்று படிக்க நேரும்.

தமிழ்ப் பதிப்பில் தமிழ் ஆண்டும் மாதமும் இருக்கும். அவற்றையும் அப்படியே எழுதி, ஆங்கில நாளைப் பக்கத்தில் சேருங்கள்.

கேள்வி: பாரதியார் நடத்திய ‘இந்தியா’ இதழ்க் கட்டுரையை ஒரு தொகுப்பு நூலிலிருந்து எடுத்தேன். (ஆய்வாளர், முத்தியால்பேட்டை)

பதில்: இதழின் பெயர், வெளியான ஊர், நாள், பிறகு ‘தொகுப்பில்’ என்று குறித்துத் தொகுப்பாசிரியர், நூல், ஆண்டு, பக்கம். ஊரை ஏன் கேட்கிறேன் என்றால், ‘இந்தியா’ 1906இல் சென்னையில் தொடங்கி 1908இல் புதுச்சேரிக்கு வந்து 1910 வரை நடந்தது. பிரிட்டிஷ் சட்டத்தின் பிடிக்குள் எழுதியதும் பிரெஞ்சு ஆட்சிப் பகுதியிலிருந்து எழுதியதும் ஒன்றல்ல. உங்கள் வாதத்துக்கே அந்த ஊர்ப் பெயர் தேவைப்படும்.

கேள்வி: பிரெஞ்சு நிறுவனத்தில் ஒரு சுவடி பார்த்தேன். நூலாசிரியர், ஆண்டு எதுவும் இல்லை. (ஆய்வாளர், வில்லியனூர்)

பதில்: புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனமும் தொலைகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியும் காத்துவரும் சைவச் சுவடித் தொகுதி, 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. அவ்வளவு மதிப்புள்ள தொகுதியிலிருந்து எடுத்துவிட்டு ‘ஓலைச்சுவடி, புதுச்சேரி’ என்று மட்டும் எழுதுபவர்களைக் கண்டால் மனம் வருந்துகிறது. சுவடியின் பெயர் (இல்லையென்றால் நீங்கள் இட்ட பெயரைப் பகர அடைப்புக்குள்), மொழி, எழுத்து, காப்பகம், சுவடி எண், ஏட்டு எண், ஏட்டின் முன்பக்கமா பின்பக்கமா என இத்தனையும் வேண்டும். மொழியையும் எழுத்தையும் தனித்தனியே சொல்லுங்கள். அங்குள்ளவற்றில் பெரும்பாலானவை வடமொழி நூல்கள், கிரந்த எழுத்தில் உள்ளவை.

நீங்கள் பார்த்தது பனை ஓலையா, காகிதத்தில் எடுத்த படியா என்பதைத் திரும்பக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே காகிதப் படிகளுக்குத் தனி எண்வரிசை உண்டு. படியெடுத்தவரின் கைப்பிழையை ஓலையின் மேல் சுமத்திவிடக் கூடாது. மின்படிமமாகப் பார்த்தீர்கள் என்றால், படிம எண்ணும் ஏட்டு எண்ணும் வேறு.

கேள்வி: தேவனாம்பட்டினம் மீனவர்களிடம் களப்பணி செய்தேன். அவர்கள் சொன்னதைத் துணைநூற்பட்டியலில் சேர்க்கலாமா? (நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர், கடலூர்)

பதில்: நூல்களோடு கலக்க வேண்டாம். பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல் தனியாக வையுங்கள்: பெயர், வயது, தொழில், ஊர், பேசிய நாள். கட்டுரைக்குள் தகவலாளர் எண்ணால் சுட்டலாம். பெயரை வெளியிடலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். வேண்டாம் என்றால் மாற்றுப் பெயர் இட்டு, மாற்றியிருப்பதைக் குறிப்பிடுங்கள். வலை, காற்று, நீரோட்டம் பற்றி ஒரு பெரியவர் சொன்னதை ‘களஆய்வு’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடாதீர்கள். நூலாசிரியருக்குத் தரும் மதிப்பு அவருக்கும் உரியது.

கேள்வி: மேற்கோள் அதிகமானால், பிறர் எழுத்தை எடுத்தாண்டதைக் கண்டறியும் ஒப்புமைச் சோதனையில் மாட்டிக்கொள்வேனா? (ஆய்வாளர், பண்ருட்டி)

பதில்: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, உரிய முறையில் மூலம் காட்டிய மேற்கோளும் துணைநூற்பட்டியலும் கணக்கில் சேராது. மீதமுள்ள ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குச் சமர்ப்பிக்க முடியாது. அதற்கும் மேல் போனால் பதிவே ரத்தாகும். மேற்கோள் குறியை இட மறந்தால் மென்பொருளுக்கு அது உங்கள் வாக்கியம்தான். குறிப்பெடுக்கும்போதே குறியையும் பக்க எண்ணையும் சேர்த்து எழுதும் பழக்கம் வேண்டும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டேன். என் தலைப்புக்கு இருபது நூல்கள் தந்தது. பட்டியலில் சேர்க்கலாமா? (முதுகலை மாணவர், திண்டிவனம் சாலை)

பதில்: ஒவ்வொன்றையும் நீங்கள் திறந்து படித்திருந்தால் சேர்க்கலாம். இந்தச் செயலிகள் உண்மையான ஆசிரியரின் பெயரோடு இல்லாத நூலை ஒட்டித் தருவதுண்டு. ஆண்டும் பக்கமும்கூட நம்பும்படி இருக்கும். கட்டுரையானால் அதன் டி.ஓ.ஐ. எண்ணை (கட்டுரைக்குரிய நிலையான இணைய அடையாள எண்) இட்டுப் பாருங்கள். ஆய்வேடானால் இந்திய ஆய்வேடுகளின் இணையக் காப்பகமான சோத்கங்காவில் தேடுங்கள். நூலானால் நூலக அட்டவணையில். கிடைக்காததை நீக்குங்கள்; அதை நம்பி எழுதிய வாக்கியத்தையும் நீக்குங்கள்.

கேள்வி: நூலில் திருவள்ளுவர் ஆண்டு மட்டும் இருக்கிறது. (ஆய்வாளர், பாகூர்)

பதில்: 31ஐக் கழித்தால் பொது ஆண்டு வரும். 2030 என்று இருந்தால் 1999. நூலில் உள்ள ஆண்டை முதலில் எழுதி, கணக்கிட்ட ஆண்டை அடைப்புக்குள் கொடுங்கள்.