கிளினிக்கல் அனுபவம் குறைவு: இந்த ஜூனிலேயே மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பயாலஜி படிக்கிறாள். ஜிபிஏ (கல்லூரி மதிப்பெண் சராசரி) 3.8, எம்கேட் (மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வு) 514. இரண்டு வருடமாக ஒரு லேபில் ஆராய்ச்சி செய்கிறாள். ஆனால் மருத்துவமனை அனுபவம் என்றால், ஒரு டாக்டருடன் 30 மணி நேரம் ஷேடோயிங் (கூடவே இருந்து அவர் வேலையைப் பார்ப்பது) செய்தது மட்டும்தான். வரும் ஜூனில் விண்ணப்பிக்கப் போகிறேன் என்கிறாள். அதற்கு முன் கோயம்புத்தூரில் என் அண்ணன் நடத்தும் மருத்துவமனைக்கு ஒரு மாதம் அனுப்பினால் போதுமா?

பதில்: நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த ஜூன் வேண்டாம், அடுத்த ஜூனில் விண்ணப்பிக்கட்டும்.

மதிப்பெண்ணில் ஒரு குறையும் இல்லை. அமெரிக்க மெடிக்கல் ஸ்கூல்களில் சேர்பவர்களின் சராசரி ஜிபிஏ 3.8-ஐ ஒட்டியும், எம்கேட் 512-ஐ ஒட்டியும்தான் இருக்கிறது. ஆனால் எம்.டி. படிப்புக்கு (இங்கே டாக்டராவதற்கான முதல் மருத்துவப் பட்டம்) வருடந்தோறும் 50,000 பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள். இடம் கிடைப்பது சுமார் 23,000 பேருக்கு. வெளியே நிற்பவர்களிலும் உங்கள் மகளைப் போன்ற மதிப்பெண் உள்ளவர்கள் நிறைய. தமிழ்நாட்டில் மார்க், ரேங்க், கவுன்சலிங் என்று பார்த்து வளர்ந்த நமக்கு இதை ஏற்றுக்கொள்வது கஷ்டம்தான். இங்கே மதிப்பெண் விண்ணப்பத்தைத் திறந்து பார்க்க வைக்கும், அவ்வளவுதான். முடிவு செய்வது முழு விண்ணப்பம்.

அந்த விண்ணப்பத்தைப் படிப்பவர் மனதில் எழும் கேள்வி: இந்தப் பெண்ணுக்கு நோயாளிகளோடு வாழ்நாள் முழுக்க இருப்பது எப்படிப்பட்டது என்று தெரியுமா? ஷேடோயிங்கில் டாக்டரைத்தான் பார்க்கிறோம். பக்கத்தில் நிற்கிறோம், எந்தப் பொறுப்பும் இல்லை. உங்கள் மகள் விஷயத்தில் இரண்டு வருட லேப் அனுபவமும் சேர்ந்துகொள்கிறது. "ஆராய்ச்சி இவ்வளவு பிடிக்கும் என்றால் பிஎச்.டி. போகலாமே, ஏன் மருத்துவம்?" என்று நேர்காணலில் நிச்சயம் கேட்பார்கள். சொந்த அனுபவத்திலிருந்து அதற்குப் பதில் சொல்ல இப்போது அவளிடம் எதுவும் இல்லை. வலியில் இருப்பவர் கோபமாகப் பேசும்போது தனக்கு என்ன ஆகிறது என்பதே அவளுக்கு இன்னும் தெரியாது. விண்ணப்பத்துக்காக என்பதைவிட, அவளுக்காகவே அது தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

எத்தனை மணி நேரம் வேண்டும்? நாடு முழுவதற்கும் பொதுவான குறைந்தபட்சம் என்று ஒன்று கிடையாது. சில ஸ்கூல்கள் தங்கள் எதிர்பார்ப்பை இணையதளத்தில் போட்டிருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் கணக்கு, ஒரே இடத்தில் வாரம் நான்கு மணி நேரமாவது, எட்டு ஒன்பது மாதம். ஐந்து இடங்களில் இருபது இருபது மணி நேரம் துண்டு துண்டாகச் செய்வதில் பயன் குறைவு.

எங்கே போவது என்றால், நான் முதலில் சொல்வது ஹாஸ்பிஸ், அதாவது இறுதிக் கட்ட நோயாளிகளுக்கான பராமரிப்பு அமைப்பு. நோயாளி பராமரிப்பு நேரத்தில் 5 சதவீதத்துக்குச் சமமான நேரத்தைத் தன்னார்வலர்கள் தர வேண்டும் என்பது மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) விதி. அதனால் ஹாஸ்பிஸ்கள் எப்போதும் ஆள் தேடிக்கொண்டே இருக்கும், பயிற்சியும் அவர்களே தருவார்கள். இறுதி நாட்களில் இருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது இருபது வயதுக்குச் சுலபமான வேலை இல்லை. அதனால்தான் அதற்கு மதிப்பு.

சம்பளத்துடன் வேண்டுமானால் நர்சிங் அசிஸ்டன்ட் வேலை. பயிற்சி கூட்டாட்சி விதிப்படி குறைந்தது 75 மணி நேரம். மாநிலத்துக்கு மாநிலம் கூடும். குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, படுக்கை மாற்றுவது எல்லாம் உண்டு. "டாக்டராகப் போகிற பெண் இதையெல்லாம் செய்யணுமா?" என்று வீட்டில் யாராவது கேட்டால், தயவுசெய்து அவள் பக்கம் நில்லுங்கள். ஈ.எம்.டி. (ஆம்புலன்ஸில் அவசர உதவி செய்பவர்) பயிற்சிக்கு இன்னும் நேரம் பிடிக்கும். ஸ்க்ரைப் வேலையும் (டாக்டர் பக்கத்தில் இருந்து நோயாளி குறிப்புகளைப் பதிவு செய்வது) நல்லது, ஆனால் அதில் கண் பெரும்பாலும் திரையில்தான் இருக்கும். மருத்துவமனைத் தன்னார்வலர் என்று சேர்ந்தால், எந்தப் பிரிவில் போடுவார்கள் என்று முன்பே கேட்டுவிடச் சொல்லுங்கள். பரிசுப்பொருள் கடையில் நிற்பது கிளினிக்கல் அனுபவம் ஆகாது.

அவளுக்குத் தமிழ் பேச வருமென்றால் நம் ஊர் முதியவர்கள் இருக்கும் பராமரிப்பு நிலையங்களில் பெரிய உதவியாக இருப்பாள். ஆனால் நோய் விவரம், மருந்து, சம்மதக் கையெழுத்து என்று வந்தால் மொழிபெயர்க்கப் பயிற்சி பெற்றவர்தான் வேண்டும். அந்த இடத்தில் அவள் விலகிக்கொள்ள வேண்டும்.

அப்புறம் கோயம்புத்தூர். மாமா மருத்துவமனைக்குப் போய்வரட்டும், பார்க்கட்டும், தவறில்லை. ஆனால் ஒரு மாதம் வேடிக்கை பார்ப்பதும் ஷேடோயிங்தான். இங்கே தொடர்ந்து செய்யும் வேலைக்கு அது ஈடாகாது. இன்னொன்று, இதை மிகக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: பாசத்தில் "நீயே ஊசி போட்டுப் பாரு", "ஒரு தையல் போடு" என்று அங்கே யாராவது சொன்னால் அவள் மறுத்துவிட வேண்டும். அமெரிக்காவில் அவளுக்கு அனுமதி இல்லாத எதையும் அங்கேயும் செய்யக் கூடாது. வெளிநாட்டில் மாணவர்கள் இப்படிச் செய்வது பற்றி மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி. தனியாகவே எச்சரித்து வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. விண்ணப்பத்தில் பெருமையாக எழுதினால் அதுவே நிராகரிப்புக்குக் காரணம் ஆகலாம். அதைவிட முக்கியம், படுக்கையில் இருப்பவர் பயிற்சி இல்லாத கைக்குச் சம்மதம் தரவில்லை.

இந்த வருடம் முயற்சி செய்துவிட்டு, கிடைக்காவிட்டால் மறுபடி போடலாமே என்று தோன்றும். மறுமுறை விண்ணப்பிப்பவரிடம் பல ஸ்கூல்கள் "போன முறைக்கும் இதற்கும் என்ன மாறியது?" என்று கேட்கும். ஒவ்வொரு ஸ்கூலின் இரண்டாம் கட்ட விண்ணப்பத்துக்கும் பெரும்பாலும் தனிக் கட்டணம் வேறு. ஒரு வருடம் தள்ளிப்போவதைப் பின்னடைவாக நினைக்காதீர்கள். இப்போது சேர்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் கல்லூரி முடித்து ஒரு வருடமாவது இடைவெளி விட்டவர்கள்தான். எம்கேட் மதிப்பெண்ணைப் பொதுவாக இரண்டு மூன்று வருடம் ஏற்பார்கள். தேர்வு எழுதிய தேதியை வைத்து ஒவ்வொரு ஸ்கூலாகச் சரிபார்த்துக்கொள்ளட்டும்.

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நோட்டு வைத்துக்கொள்ளட்டும். தேதி, மணி நேரம், அன்று மனதில் நின்ற ஒரு விஷயம். நோயாளியின் பெயரோ அடையாளமோ கூடாது. விண்ணப்பத்தில் 15 செயல்பாடுகள் வரை எழுதலாம், ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துகள். மிக முக்கியமானவை என்று அவள் குறிக்கும் மூன்றுக்கு மட்டும் கூடுதலாக 1,325 எழுத்துகள். அந்த மூன்றில் ஒன்று இந்த அனுபவமாக இருக்க வேண்டும், அதை நிரப்ப அந்த நோட்டு தேவைப்படும்.

அவள் கல்லூரி கமிட்டி லெட்டர் (கல்லூரிக் குழு சேர்ந்து தரும் பரிந்துரைக் கடிதம்) தருகிறதா என்று இந்த வாரமே ப்ரீ-ஹெல்த் ஆலோசகரிடம் (மருத்துவம் போக விரும்பும் மாணவர்களுக்குக் கல்லூரியில் வழிகாட்டுபவர்) கேட்கச் சொல்லுங்கள். தருகிறது என்றால் அதற்கான உள் கெடு பெரும்பாலும் விண்ணப்பத்துக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். அடுத்த ஜூனுக்கான ஏற்பாட்டை அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும்.