லேப்ராஸ்கோபிக்கு நாள் குறிக்கும் முன்: எண்டோமெட்ரியோசிஸ் சந்தேகமும் கூடவே இருக்கும் மற்ற உபாதைகளும்

கேள்வி: எனக்கு வயது 34. பத்தாண்டுகளுக்கும் மேலாக மாதவிலக்கு நாட்களில் நிமிர்ந்து நிற்க முடியாத வலி. இரண்டு ஆண்டுகளாக அந்த நாட்களில் மலம் கழிக்கும்போதும் வலிக்கிறது, உதிரப்போக்கும் அதிகம். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்த ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. ஹார்மோன் மாத்திரை ஆறு மாதமாகச் சாப்பிட்டும் வலி குறையவில்லை. எண்டோமெட்ரியோசிஸாக (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) இருக்கலாம், லேப்ராஸ்கோபி (சிறு துளை வழியே கேமராவை விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் அறுவை) செய்து பார்த்துவிடலாம் என்று மருத்துவர் மூன்று வாரத்தில் நாள் கொடுத்திருக்கிறார். எனக்கு ஆஸ்துமா உண்டு. தைராய்டு குறைவுக்கு தைராக்சினும் பதற்றத்துக்கு எஸ்சிட்டலோபிராமும் சாப்பிடுகிறேன். ஹீமோகுளோபின் 9.4. முன்பு குடல்வால் அறுவை செய்தபோது மயக்கம் தெளிந்ததும் ஒரு நாள் முழுக்க வாந்தி எடுத்தேன். இவ்வளவையும் வைத்துக்கொண்டு அறுவைக்குப் போகலாமா? எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும்? எல்லாம் செய்தும் உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

பதில்: போகலாம். நீங்கள் எழுதியிருப்பவற்றில் லேப்ராஸ்கோபியே கூடாது என்று தடுக்கும்படியானது எதுவும் இல்லை. ஆனால் மூன்று வாரம் என்ற கணக்கு எனக்கு உடன்பாடில்லை. இது உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டிய அறுவை இல்லை. பத்தாண்டு வலியைத் தாங்கியவரிடம் இன்னும் ஆறேழு வாரம் பொறுங்கள் என்று சொல்வது கொடுமையாகத்தான் தோன்றும். இருந்தாலும், அந்த ஆறேழு வாரத்தில் உங்கள் ரத்தமும் மூச்சும் சீரடைந்துவிட்டால், நோய் கண்ணில் பட்ட இடத்திலேயே அதை அகற்றிவிடவும் மருத்துவரால் முடியும். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, இன்னொரு முறை மயக்க மருந்து பெறும் நிலை உங்களுக்கு வராமல் போகலாம்.

தேதியைத் தள்ளிவைக்கக் கேட்கும்போதே ஸ்கேனைப் பற்றியும் கேளுங்கள். வயிற்றின் மேல் கருவியை வைத்துப் பார்க்கும் ஸ்கேன் இந்த நோய்க்குப் போதாது. பிறப்புறுப்பின் வழியாகச் செய்யும் ஸ்கேனும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.யும், சினைப்பையில் உள்ள சாக்லேட் சிஸ்ட் எனப்படும் கட்டிகளையும் குடல், சிறுநீர்ப்பை வரை ஆழமாக ஊடுருவிய நோயையும் நன்றாகவே காட்டும். பார்ப்பவருக்கு இந்த நோயில் பழக்கம் இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். வயிற்றறையின் உட்புற உறையில் மேலோட்டமாகப் படர்ந்திருக்கும் புள்ளிகளை எந்த ஸ்கேனும் சரியாகப் பிடிப்பதில்லை. 2022இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல், லேப்ராஸ்கோபி செய்தால்தான் நோயை உறுதிசெய்ய முடியும் என்ற பழைய நிலையைக் கைவிட்டு, படப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாதவர்களுக்கும் மருந்தால் பலன் கிடைக்காதவர்களுக்கும் அதைப் பரிந்துரைக்கிறது. நீங்கள் இந்த வரையறைக்குள் வருகிறீர்கள். ஆனால் மலம் கழிக்கையில் வலி இருப்பதால், குடலைப் பார்க்கும் வகையில் ஒரு நல்ல ஸ்கேன் முன்னதாகவே எடுக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. குடலில் நோய் இருப்பது முன்கூட்டியே தெரிந்தால், குடல் அறுவை நிபுணரும் உடன் இருக்கும் இடத்தில் அறுவையைத் திட்டமிடலாம்.

அறுவையில் நடப்பது இதுதான். முழு மயக்கம் கொடுத்து, தொப்புளில் சிறு துளையிட்டு, கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்ப வைப்பார்கள். தலைப்பக்கம் தாழும்படி மேசையைச் சாய்ப்பதால் குடல்கள் மேலே சரிந்து, இடுப்புக்குழி தெளிவாகத் தெரியும். கேமரா தொப்புள் வழியாகவும், கருவிகள் அடிவயிற்றில் 5 மில்லிமீட்டர் அளவுள்ள இரண்டு மூன்று துளைகள் வழியாகவும் உள்ளே போகும். நோய் எல்லோரிடமும் ஒரே உருவில் இருப்பதில்லை. வெடிமருந்து சுட்டதுபோன்ற கரும்புள்ளியாக இருக்கலாம்; செந்நிறத் திட்டாக, நிறமே இல்லாத நீர்க்கொப்புளமாக, வெறும் வெண்தழும்பாகவும் இருக்கலாம். கரும்புள்ளியை மட்டும் தேடும் கண் மற்றவற்றைத் தவறவிடும். அதனால்தான் யார் செய்கிறார் என்பது இந்த அறுவையில் வேறு பலவற்றைவிட முக்கியமாகிறது. உங்கள் பழைய குடல்வால் அறுவையையும் மறக்காமல் சொல்லுங்கள். அதனால் உள்ளே குடல் ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. சந்தேகம் இருந்தால் முதல் துளையைத் தொப்புளைத் தவிர்த்து இடது விலாவுக்குக் கீழே போடுவார்கள்.

இனி ரத்தத்துக்கு வருவோம். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. வெறுமனே பார்த்துவர மட்டும் என்றால் 9.4 போதும் என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் ஒட்டுகளைப் பிரித்து நோயை வெட்டியெடுக்கும் வேலையும் சேர்ந்துகொண்டால் ரத்த இழப்பு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்து, இரும்புக் குறைவுதான் காரணம் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். இரும்பு மாத்திரை ஒத்துக்கொண்டால் நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 முதல் 2 கிராம் வரை ஏறும். ஒன்றுவிட்டு ஒரு நாள் சாப்பிட்டாலும் உடல் நன்றாகவே ஏற்கிறது, வயிற்றுக் கோளாறும் குறைகிறது. ஒத்துக்கொள்ளாவிட்டாலோ நாள் குறைவாக இருந்தாலோ நரம்பு வழியே இரும்பு ஏற்றலாம். உதிரப்போக்கு தொடர்ந்தால் ஒரு பக்கம் ஏற்றுவது மறுபக்கம் வடியும். எனவே அறுவை வரை மாதவிலக்கை நிறுத்திவைக்கும் மாத்திரை தேவையா என்று மகளிர் மருத்துவரிடம் கேளுங்கள்.

இங்கே பலர் இடறும் ஓர் இடம் உண்டு. இரும்பு மாத்திரையையும் தைராக்சினையும் ஒரே நேரத்தில் விழுங்கினால், இரும்பு தைராக்சினைப் பற்றிக்கொண்டு குடலில் உறிஞ்சவிடாது. இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரமாவது இருக்க வேண்டும். ரத்தத்தைச் சரிசெய்யப் போய், சீராக இருந்த தைராய்டு அளவைக் கலைத்துக்கொண்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். புதிதாக இரும்பு தொடங்கியிருந்தால், அறுவைக்கு முன் தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். அளவை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அறுவை நாளன்று காலையிலும் தைராக்சினை ஒரு மடக்குத் தண்ணீருடன் எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் தவறினாலும் பாதகமில்லை, ஏனென்றால் அது உடலில் பல நாட்கள் தங்கும் மருந்து.

ஆஸ்துமாவில் நான் முதலில் கேட்பது நீங்கள் மாதவிலக்கு வலிக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதைத்தான். மெஃபெனமிக் அமிலம், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் ஆகியவை ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் மூச்சிறைப்பைத் தூண்டும். அறுவைக்குப் பின் கொடுக்கப்படும் வலிமருந்துகளும் பெரும்பாலும் இதே குடும்பம். இதுவரை அவற்றைச் சாப்பிட்டு வீசிங் வந்ததே இல்லை என்றால் அதைச் சொல்லுங்கள். மருத்துவருக்கு அது பயனுள்ள செய்தி. ஒருமுறை வந்திருந்தாலும் அதைத் தெளிவாக எழுதியே கொடுங்கள். தினசரி இன்ஹேலரை ஒரு நாளும் விடக்கூடாது, அறுவை நாள் காலையிலும் எடுத்துக்கொள்ள வேண்டும். உடனடி நிவாரணத்துக்கான இன்ஹேலர் கையில் இருக்க வேண்டும். சளி, காய்ச்சல், இருமல் என்று எது வந்தாலும் மறைக்காதீர்கள். சுவாசக் குழாயின் எரிச்சல் இருமல் நின்ற பிறகும் சில வாரங்கள் நீடிக்கும் என்பதால் தேதி தள்ளிப்போகலாம். சமீப மாதங்களில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதையும் மயக்கவியல் மருத்துவர் அறிந்திருக்க வேண்டும்.

எஸ்சிட்டலோபிராமை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ரத்தக் கசிவை அது சிறிதளவு கூட்டலாம் என்பது உண்மைதான். ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், தூக்கமின்மை, பதற்றம் எல்லாம் கிளம்பி, அறுவை நேரத்தில் அதுவே பெரிய தொல்லையாகிவிடும். பொதுவாக அது தொடரப்படுகிறது. அறுவைக்குப் பிந்தைய வலிக்கு டிரமடால் எழுதும்போது மட்டும், நீங்கள் இதைச் சாப்பிடுவது எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்; இரண்டும் சேர்ந்தால் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரோடோனின் என்ற பொருளின் அளவு ஆபத்தான விதத்தில் கூடக்கூடும். இன்னொன்று: படபடப்பும் மூச்சு வாங்குவதும் பதற்றத்திலும் வரும், ஆஸ்துமாவிலும் வரும், ஹீமோகுளோபின் 9.4 ஆக இருந்தாலும் வரும். ரத்தம் ஏறிய பிறகு இவற்றில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று கவனியுங்கள்.

வாந்தியைப் பற்றி நீங்கள் எழுதியது சிறிய விஷயமில்லை. பெண்ணாக இருப்பது, புகைப்பழக்கம் இல்லாதது, முன்பு மயக்கத்துக்குப் பின் வாந்தி எடுத்தது, அறுவைக்குப் பின் ஓபியாய்டு (மார்ஃபின் வகை) வலிமருந்து பெறுவது ஆகிய நான்கில் எத்தனை பொருந்துகின்றனவோ அந்த அளவுக்கு வாந்தி வாய்ப்பு கூடும். உங்களுக்கு மூன்று பொருந்தக்கூடும். இது முன்னதாகத் தெரிந்தால், மயக்க வாயுவைத் தவிர்த்து நரம்பு வழி மருந்தாலேயே மயக்கத்தைத் தொடரலாம், வாந்தித் தடுப்பு மருந்து இரண்டு மூன்றைச் சேர்த்துக் கொடுக்கலாம். எனவே மயக்கவியல் மருத்துவரை அறுவை நாளன்று அரங்க வாசலில் முதன்முதலாகப் பார்க்கும் நிலையை ஏற்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் முன்பே பார்த்துவிடுங்கள். அவர் வாயை அகலத் திறக்கச் சொல்வார், கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொல்வார், ஆடும் பல் இருக்கிறதா என்பார். அந்த நேரத்தில் கையில் ஒரே ஒரு தாள் இருக்கட்டும். எல்லா மாத்திரைகளும் அளவோடு, ஒவ்வாமைகள், பழைய அறுவையும் அதன் பிறகு நடந்ததும், கடைசியாக ஆஸ்துமா மோசமான நாள் ஆகியவை ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். மூலிகை மருந்துகளும் சத்து மாத்திரைகளும் அதில் இடம்பெற வேண்டும். பூண்டு, ஜின்கோ, ஜின்செங் மாத்திரைகள் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால் ஓரிரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதைப் படிக்கும் வேறு யாரேனும் சர்க்கரை நோய்க்கு டாபாகிளிஃப்லோசின் போன்ற மாத்திரை சாப்பிட்டால், அதை மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் பேசி முடிக்க வேண்டியது ஒன்று உண்டு. நோய் தெரிந்தால் அதே மயக்கத்தில் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது? மேலோட்டமான புள்ளிகளை எடுப்பதில் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. சினைப்பைக் கட்டியை அகற்றும்போது கருமுட்டை இருப்பும் சற்றுக் குறையக்கூடும் என்பதால், குழந்தை பற்றிய எண்ணம் இருந்தால் அந்த இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். பரிசோதனையை முன்னதாகச் செய்துகொள்ளச் சொல்வேன். குடலிலோ சிறுநீர்க்குழாயிலோ நோய் தெரிந்தால், அன்று கை வைக்காமல் படம் எடுத்துக்கொண்டு வெளியே வருவதே பெரும்பாலும் சரியான முடிவு. உள்ளே எடுத்த படங்களின் நகல் வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவையுங்கள். நோயறியும் லேப்ராஸ்கோபியில் கடுமையான சிக்கல் ஏறக்குறைய 1,000 பெண்களில் 2 பேருக்கு நேர்கிறது. குடல், சிறுநீர்ப்பை, ரத்தக்குழாய் ஆகியவற்றில் காயம் ஏற்படுவது இதில் அடங்கும்.

அறுவைக்கு ஆறு மணி நேரம் முன்பு வரை உணவு, இரண்டு மணி நேரம் முன்பு வரை தண்ணீர் என்பது பொதுவான விதி. பால் கலந்த பானம் உணவுக் கணக்கில் சேரும். உங்கள் மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். அன்று கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். அன்றிரவு உடன் இருக்க ஒருவர் வேண்டும்.

விழித்ததும் தோள்பட்டை வலித்தால் பயப்பட வேண்டாம். வயிற்றில் மிஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதைத் தோள் வலியாக உணர்கிறோம். எழுந்து நடந்தால் ஓரிரு நாளில் அடங்கும். வெறும் பரிசோதனை என்றால் ஒரு வாரத்துக்குள் வழக்கமான வேலைக்குத் திரும்பலாம்; நோயை அகற்றியிருந்தால் இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். நாளுக்கு நாள் வலி குறைய வேண்டும். குறையாமல் கூடினால், வயிறு உப்பினால், காய்ச்சலோ தொடர் வாந்தியோ வந்தால், சிறுநீர் பிரியாவிட்டால், கெண்டைக்காலில் வீக்கமும் வலியும் இருந்தால், இன்ஹேலருக்கு அடங்காத மூச்சுத்திணறல் வந்தால், காலை வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஹார்மோன் மாத்திரையைக் கருத்தடைக்கும் நம்பியிருப்பவர்கள், மயக்கத்தின்போது தரப்படும் தசைத் தளர்வு மருந்தின் விளைவை நீக்க சுகமடெக்ஸ் என்ற மருந்து கொடுக்கப்பட்டதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அது அந்த மாத்திரையின் வேலையைக் குலைக்கும். அடுத்த ஏழு நாள் வேறு பாதுகாப்பும் தேவை.

ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு, அதற்கும் வாய்ப்பு உண்டு என்பதே நேர்மையான பதில். அதனால் உங்கள் வலி பொய்யாகிவிடாது. அதே போன்ற திசு கருப்பைத் தசைக்குள்ளேயே வளரும் அடினோமயோசிஸ் லேப்ராஸ்கோபியில் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். குடல் எரிச்சல் நோய், சிறுநீர்ப்பை வலி நோய், இடுப்புத்தளத் தசை இறுக்கம் ஆகியவையும் இதே வலியைத் தரும். இன்றிலிருந்தே வலி எந்த நாளில், எதைச் செய்யும்போது, எந்த இடத்தில் என்று குறித்துவாருங்கள். அறுவை வரும்போது ஒன்றிரண்டு மாதவிலக்கின் கணக்கு கையில் இருக்கும். அறுவைக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து, திசுப் பரிசோதனை முடிவையும் உள்ளே எடுத்த படங்களையும் வைத்துப் பேச ஒரு சந்திப்பை இப்போதே பதிவுசெய்துவிடுங்கள். மயக்கம் முழுதாகத் தெளியாத நேரத்தில் கட்டிலருகே சொல்லப்படுவது மனதில் நிற்காது. வலியைக் குறித்துவந்த குறிப்பேட்டையும் அந்தச் சந்திப்புக்கு எடுத்துச் செல்லுங்கள்.